16 செக்கனுக்கு ஒரு படகு

நீர்ச்சறுக்கு என்றதும் எங்கட ஆக்களுக்கு ஞாபகம் வருவது, கோடையில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் இரண்டு பலகையில் நின்றபடி கரைக்குக் கை காட்டிக்கொண்டு போகும் காட்சிதான். வேடிக்கை பார்க்க நல்லாயிருக்கும். ஆனால் நான் எழுத வந்தது அதில்லை. ஒற்றைப் பலகையில், ஆறு மிதவைகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் 'ஸ்லாலம்' பற்றி. அதோடு, அந்த ஒரு காரியத்துக்கென்றே கட்டப்பட்ட படகை வைத்துக் காப்பாற்றுவது பற்றியும். இரண்டையும் பிரித்துக் கதைக்க ஏலாது. கிரிக்கெட்டுக்கு ஒரு மட்டையும் பந்தும் காணும், மிச்சத்தைத் தெருவே தந்துவிடும். இதற்கோ ஒரு பெரிய வி-8 எஞ்சின் இல்லாமல் தொடங்கவே முடியாது.

முதலில் விளையாட்டு. கோர்ஸ் எங்கே போனாலும் ஒரே அளவுதான், 259 மீற்றர். நடுவால் படகு நேர்கோட்டில் போகும். அந்தக் கோட்டிலிருந்து 11.5 மீற்றர் தள்ளி, வலம் இடமாக மாறி மாறி ஆறு மிதவைகள். வாசலிலிருந்து முதல் மிதவைக்கு 27 மீற்றர், பிறகு ஒவ்வொன்றுக்கும் இடையில் 41, கடைசியிலிருந்து வெளிவாசலுக்கு மறுபடி 27. வாசலால் உள்ளே போய், ஆறையும் வெளிப்பக்கமாகச் சுற்றி, வெளிவாசலால் வரவேண்டும். ஆண்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீற்றர், பெண்களுக்கு 55. 58இல் முழுக் கோர்ஸும் 16 செக்கனில் முடிந்துவிடும். ஒரு மிதவைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கிடைப்பது இரண்டரைச் செக்கன். அதற்குள் குறுக்கே 23 மீற்றர் போய், நடுவில் படகின் அலையை வெட்டிக் கடந்து, வேகத்தைக் குறைத்துத் திரும்ப வேண்டும்.

தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் வேகத்தை 3 கிலோமீற்றர் கூட்டுவார்கள். சரி, 58இலும் ஆறையும் சுற்றியாயிற்று, பிறகு? இனி வேகம் கூடாது. கயிறு குறையும்! 18.25 மீற்றரில் தொடங்கி 16, 14.25, 13, 12, 11.25, 10.75, 10.25, 9.75 என்று போகும். கயிற்றில் நீளத்துக்கு ஒரு நிறம்: சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று வானவில் மாதிரி. 12 மீற்றர் வரை கணக்கு ஒத்துவரும். 11.25 வந்ததும் கணக்கு இடிக்கிறது. மிதவை நிற்பது 11.5 மீற்றர் தள்ளி. கயிறு படகுக்குச் செங்குத்தாக நீட்டி நின்றாலும் அங்கே போய்ச் சேராது. மிச்சத்தைச் சறுக்குபவரின் கையும் உடம்பும்தான் தரவேண்டும். 2013இல் அமெரிக்கர் நேற் ஸ்மித் 9.75 மீற்றர் கயிற்றில் இரண்டரை மிதவை எடுத்து உலக சாதனை வைத்தார். (சுற்றிவிட்டு நடு அலைவரை திரும்பி வந்து சேராவிட்டால் புள்ளி பின்னத்தில்தான்.) குறை 1.75 மீற்றர், அதாவது ஒரு முழு ஆள் உயரம். தண்ணீருக்கு மேல் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு, ஒற்றைக் கையில் பிடியை நீட்டியபடி மனுசன் திரும்புகிறார். அந்த வீடியோவை எத்தனை தரம் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எனக்கு 49 கிலோமீற்றரில், 18.25 மீற்றர் கயிற்றில், நாலு மிதவை. பெருமைக்குச் சொல்லவில்லை, ஒரு அளவு விளங்கட்டும் என்று :-)

வரலாறு கொஞ்சம். 1922 யூலை 2ஆம் திகதி, அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்தில் பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவல்சன் என்ற 18 வயதுப் பெடியன் இரண்டு பலகைகளின் நுனியை வெந்நீரில் அவித்து வளைத்து, படகுக்குப் பின்னால் எழுந்து நின்றார். நீர்ச்சறுக்கு பிறந்தது அன்றுதான் என்கிறார்கள். அவர் காப்புரிமை எடுக்கவில்லை. 1925இல் எடுத்தவர் பிரெட் வோலர் என்ற வேறொருவர், பிற்காலத்தில் சினராமா திரைமுறையைக் கண்டுபிடித்த அதே ஆள். வர்த்தகம் படிக்கிற எனக்கு இந்தக் கதையில் வயிறு எரிகிற இடம் இதுதான்.

சாமுவல்சனுக்கு ஏதோ ஒரு படகு காணும். ஸ்லாலத்துக்குக் காணாது. சாதாரண மோட்டர் படகில் எஞ்சின் பின்னுக்கு இருக்கும், பின்பகுதி தாழும், பின்னால் ஒரு மேடு மாதிரி அலை எழும். அந்த மேட்டில் ஒற்றைப் பலகையோடு குறுக்கே மோதினால் முழங்கால் கதை சொல்லும். சறுக்குப் படகில் எஞ்சின் நட்டநடுவில், ஆட்கள் இருக்கும் இடத்திலேயே ஒரு பெட்டிக்குள் இருக்கும். அடிப்பக்கம் தட்டை, படகு பக்கவாட்டில் இழுபடாமல் இருக்க அடியில் சின்னச் செதில்கள். கயிறு கட்டும் கம்பமும் நடுவில்தான். 1961இல் புளோரிடாவின் கொரெக்ற் கிராஃப்ற் கம்பனி சந்தைக்கு விட்ட ஸ்கீ நோற்றீக்தான் இந்த வகைக்கு முன்னோடி. 1968இல் ரெனசியில் மாஸ்ரர் கிராஃப்ற் வந்தது. இன்றைக்கும் இந்த இரண்டு பெயரையும் சொல்லி ஏரிக்கரையில் சண்டை பிடிப்பார்கள், எங்கட ஆக்கள் கமல் ரஜனி என்று பிடிப்பது மாதிரி.

எங்கள் படகு 1989ஆம் ஆண்டு நோற்றீக். 'எங்கள்' என்று சொல்ல இன்னும் பாதிக் காசு கட்ட வேண்டியிருக்கிறது. ரொறன்ரோவுக்கு வடக்கே, மஸ்கோகாப் பக்கம் ஒரு சின்ன ஏரியில் அது நிற்கிறது. சொந்தக்காரர் என் நண்பனுக்குப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர், எழுபது தாண்டியவர். நாங்கள் அவரை 'சேர்' என்றுதான் கூப்பிடுவோம். முதலில் சிரித்தார், இப்போது அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறார். தோள்பட்டை சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் பலகை ஏறுவதில்லை. போன வருசம், நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து எடுக்கிறீர்களா என்று கேட்டார். நான், நண்பன், அவன் தங்கச்சி. விலை 6,000 டொலர், ஆளுக்கு இரண்டாயிரம்.

இரண்டாயிரம் டொலர் எனக்கு ஒரு கோடை முழுக்கக் கடையில் நின்ற காசு. ஆகவே படிக்கிற படிப்புக்கு ஏற்ற மாதிரிக் கணக்குக் கொப்பியைத் திறந்தேன். படகின் மணி காட்டியில் 1,140 மணித்தியாலம். 1989இலிருந்து வகுத்தால் வருசத்துக்கு ஏறத்தாழ 32. வருசத்தில் இருப்பது 8,760 மணித்தியாலம். அரை வீதம்கூட வேலை செய்யாத ஒரு சொத்து! எந்தப் பேராசிரியரிடம் காட்டினாலும் வித்துப்போடு என்பார். பெறுமானத் தேய்வு மட்டும் ஒரு ஆறுதல். (இந்தச் சொல் யாழ்ப்பாணத்தில் வர்த்தகம் படித்த அப்பாவிடமிருந்து வந்தது.) புதுப் படகு முதல் சில வருசத்தில் விழுகிற விழுகையைப் பார்த்தால் தலை சுற்றும். இது விழ வேண்டிய அளவுக்கு எப்போதோ விழுந்துவிட்டது. கவனமாக வைத்திருந்தால், வாங்கின விலைக்குக் கிட்டவே விற்கலாம்.

அந்தக் 'கவனமாக' என்ற சொல்லுக்குள்தான் எல்லாம் இருக்கிறது.

கார் எஞ்சின் தன் குளிர்நீரைத் தானே சுற்றவிட்டுக் குளிரும். இந்தப் படகின் எஞ்சின் ஏரித் தண்ணீரையே உறிஞ்சி, உடம்பு முழுக்க ஓடவிட்டு, புகையோடு வெளியே தள்ளும். உறிஞ்சுவது ஒரு பம்புக்குள் இருக்கும் உள்ளங்கை அளவு றப்பர் சில்லு. தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே அதன் இதழ்கள் கருகி உடையும். உடைந்த துண்டுகள் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும், எஞ்சின் கொதிக்கும். சில பத்து டொலர் சாமான். வருசா வருசம் மாற்றிவிட வேண்டும், நல்லாத்தானே இருக்கிறது என்று விடக்கூடாது.

அடுத்தது பனிக்காலம். புளோரிடாக்காரருக்கு இல்லாத, எங்களுக்கே உரிய தலையிடி. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பெருக்கும். எஞ்சினுக்குள் ஒரு கோப்பைத் தண்ணீர் தங்கிவிட்டால் வார்ப்பிரும்பே வெடிக்கும், படகின் கதையும் அதோடு முடியும். அதனால் ஒக்ரோபரில் எஞ்சின் இரு பக்கமும் புகைக்குழாய்ப் பகுதியிலும் உள்ள பிளக்குகளைக் கழற்றி, குழாய்களையும் கழற்றித் தண்ணீரை இறக்க வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் சேர் காட்டித் தந்தது. பிளக்கைக் கழற்றியும் தண்ணீர் வரவில்லை என்றால் உள்ளே தண்ணீர் இல்லை என்று நினைக்கக்கூடாது. துருவும் மண்ணும் ஓட்டையை அடைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டுக் கிண்டினால் மளமளவென்று கொட்டும். பிறகு பழைய ஒயிலை மாற்றி, பெற்றோலுக்குப் பழுதாகாமலிருக்கும் மருந்து ஊற்றி, பற்றரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இளவேனிலில் தண்ணீரில் இறக்கினதும் புரொப்பெல்லர் தண்டு. அது கியர்ப்பெட்டியோடு சேரும் இரண்டு தட்டுகளும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவேண்டும். விலகல் ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்குக்கு மேல் போகக்கூடாது. அதையும் ட்ரெயிலரில் வைத்துப் பார்க்கக்கூடாது. தண்ணீரில் படகின் உடம்பு கொஞ்சம் வளையும், அப்போது பார்ப்பதுதான் கணக்கு. தண்டு படகின் அடியைத் துளைத்து வெளியேறும் இடத்தில், ஓடும்போது சில துளி தண்ணீர் உள்ளே சொட்டவேண்டும். முதல் தரம் பார்த்தவன் ஓட்டை என்று கத்துவான். சொட்டாவிட்டால்தான் பிழை, அந்த இடம் சூடாகிவிடும். இன்னொன்று, ஸ்ரார்ட் பண்ணுமுன் காற்றாடியை நாலு நிமிடமாவது ஓடவிட்டுப் பெற்றோல் ஆவியை வெளியேற்ற வேண்டும். அந்த ஆவி காற்றைவிடப் பாரம், அடியில் போய்த் தங்கும். ஒரு பொறி காணும்.

இவையெல்லாம் செலவு குறைவு, கவனம்தான் கூட. எனக்குப் பயமாக இருந்தது வேறொன்று. அந்தக் காலத்து நோற்றீக்குகளில் அடித்தட்டின் கீழ் நீளவாட்டில் ஓடும் சட்டங்கள் மரம். ஃபைபரால் மூடியிருக்கும், ஆனால் ஒரு ஆணி ஓட்டையால் தண்ணீர் போனால் வெளியே தெரியாமல் உக்கும். எஞ்சின் அந்தச் சட்டத்தில்தான் குந்தியிருக்கிறது. உக்கியிருந்தால் தரையைப் பிய்த்து எல்லாவற்றையும் புதிதாகப் போடும் செலவு படகின் விலையையே தாண்டும். ஆகவே காசு கொடுக்குமுன் சேரிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை, சாவியை என் கையில் தந்து, "நீயே முறுக்கிப் பார்" என்றார். எஞ்சினைப் பிடித்திருக்கும் பெரிய திருகாணிகள் உக்கின மரத்தில் சும்மா சுழலும். நாலும் அசையவில்லை. சுத்தியலால் தட்டியும் பார்த்தோம், எல்லா இடமும் ஒரே சத்தம்.

அதன்பிறகு அவர் ஒரு கொப்பி எடுத்துத் தந்தார். வாங்கின நாளிலிருந்து ஒவ்வொரு ஒயில் மாற்றமும், ஒவ்வொரு றப்பர்ச் சில்லும், திகதியும் மணித்தியாலமும் போட்டுப் பென்சிலில். பல்கலைக்கழகத்தில் கணக்காய்வு என்று ஒரு பாடம் படிக்கிறோம். இவ்வளவு ஒழுங்கான ஏடு பாடப்புத்தகத்திலும் பார்க்கவில்லை.

ஆனால் கணக்கில் வராத ஒரு உருப்படி இருந்தது. ஸ்லாலத்தில் சறுக்குபவர் பாதிதான், மிச்சப்பாதி படகோட்டி. ஒவ்வொரு மிதவையிலும் சறுக்குபவர் படகின் பின்பக்கத்தைத் தன் பக்கம் இழுப்பார், வேகமும் குறையப் பார்க்கும். ஓட்டுபவர் அதை முன்கூட்டியே உணர்ந்து ஸ்ரியரிங்கை மயிரிழை திருப்பி, 2.3 மீற்றர் அகல மிதவை வாசல்களுக்குள்ளேயே படகை வைத்திருக்க வேண்டும். வேகத்தைப் பிடித்து வைக்க இப்போது கணினி உண்டு. எங்கள் படகில் இருப்பது நோவா ஸ்கோஷியாவின் டார்ட்மத்தில் உள்ள பேர்ஃபெக்ற் பாஸ் கம்பனியின் கருவி, சேர் பிறகு பூட்டினது. நேர்கோட்டைப் பிடிக்கக் கருவி இல்லை, கைதான். கனடாச் சட்டப்படி சறுக்குபவரைப் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவரும் படகில் வேண்டும், விழுந்தவரை ஏற்ற ஒரு இருக்கை காலியாகவும் வேண்டும். ஆக மூன்று பேர் இல்லாமல் ஒருவர்கூடச் சறுக்க ஏலாது. ஒருவருக்கு எட்டு ஓட்டம் என்று வைத்தாலும், எட்டுப் பதினாறு 128 செக்கன், இரண்டு நிமிடம் சொச்சம். அந்த இரண்டு நிமிடத்துக்காக இரண்டு பேர் காத்திருக்கிறார்கள், பிறகு இடம் மாறுகிறார்கள்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நீ காசு குடுக்கிறது படகுக்கில்லை, உந்தக் கூட்டத்துக்கு" என்றா. உண்மைதான். சேர் ஓட்டினால் எனக்கு நாலு மிதவை வருகிறது. நண்பன் ஓட்டினால் இரண்டு. அவனுக்கும் நான் ஓட்டினால் அதே நிலைமைதான். சேர் இல்லாத படகு 6,000 டொலர் பெறுமா என்று நான் யோசித்தது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தானாகவே சொன்னார்: "ஒரு நிபந்தனை. என்னால் ஏலும் மட்டும் நான்தான் ஓட்டுவேன். கிழமைக்கு ஒரு நாள் உங்களில் ஒருவர் ஓட்டிப் பழகவேணும், நான் பக்கத்தில இருப்பன்."

ஒரு பக்கத்தில் பங்குடைமை ஒப்பந்தம் எழுதினேன். பெற்றோல் ஓடின மணித்தியாலப்படி, மற்றச் செலவு சமனாக. யாராவது விலகினால் மற்ற இருவருக்கும்தான் முதலில் விற்க வேண்டும். ஒக்ரோபரில் தண்ணீர் இறக்கும்போது இரண்டு பேர் நின்று, இருவரும் கொப்பியில் கையொப்பம் போட வேண்டும். சேருடைய நிபந்தனை முதலாவது வரி. தங்கச்சி அதற்குக் கீழே "சேர் களைத்தால் சொல்ல வேண்டும், ஒளிக்கக்கூடாது" என்று ஒன்று சேர்த்தா. அவர் அதை வாசித்துவிட்டுக் கன நேரம் பேசாமல் இருந்தார், பிறகு கையெழுத்துப் போட்டார்.

பாதிக் காசு கொடுத்தாயிற்று, மிச்சம் மே மாதம் பனிக்கட்டி உருகி ஏரி திறந்ததும். பிளக்குகள் எல்லாம் ஒரு பையில் போட்டு ஸ்ரியரிங்கில் கட்டித் தொங்குகின்றன, அவற்றைப் பூட்டாமல் யாரும் படகைத் தண்ணீரில் இறக்கிவிடக்கூடாது என்பதற்காக.