ஏட்டுப் படியும் கைப்பேசிப் படியும்

இந்திய நாட்டின் முதல் கைப்பேசி உரையாடல் நம் கல்கத்தா மாநகரிலிருந்தே தொடங்கிற்று. 1995ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள், அன்றைய முதலமைச்சர் ஜோதி பாசு, ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் உரையாடினார். அன்று அது பேசுவதற்கு மட்டுமே உரிய கருவி. இன்றோ, திருமணப் படங்கள், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், மறைந்தோரின் குரல் என ஒரு குடும்பத்தின் பெட்டகமே அதனுள் அடங்கிக் கிடக்கிறது. அப்பெட்டகத்திற்கு மறுபடி எடுத்து வைத்திருப்போர் நம்முள் எத்தனை பேர்?

ஓலைக்கு ஆயுள் உண்டென்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். கறையானும் ராமபாணப் பூச்சியும் தின்னுமுன், பழைய ஏட்டைப் புத்தோலையில் படியெடுத்தனர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பிக்க இயன்றது எவ்வாறு? வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வீடுகளில் படிகள் தங்கியிருந்தமையால் அன்றோ! ஒன்றில் சிதைந்த அடியை மற்றொன்று காட்டிற்று. அலிப்பூர் தேசிய நூலகத்தில் வையாபுரிப் பிள்ளை அவர்களின் தொகுப்பு இருக்கிறது. அதில் அச்சு நூல்களுடன் சுவடிகளும் உள்ளன. இந்நகரில் வாழும் நம்மவருள் அதனை அறிந்தோர் சிலரே. மாறாக, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் சாம்பலாயின.

என் தாயார் கும்பகோணத்தில் வாழ்ந்தார். கைப்பேசியில் எழுத்துக் கூட்டுவது அவருக்குக் கைவரவில்லை. ஆதலின் வாட்ஸ்அப்பில் குரலாகவே பேசி அனுப்புவார். 2022இல் அவர் மறைந்தபின், என் பழைய கைப்பேசியில் இருநூற்றுக்கு மேற்பட்ட ஒலிப்பதிவுகள் எஞ்சின. வத்தக்குழம்பில் மணத்தக்காளியை எப்பொழுது இடுவது, குலதெய்வத்திற்கு முடிந்து வைத்த காசு எந்த டப்பாவில் இருக்கிறது, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்ததா என்றிவ்வாறு போகும். நடுவே காக்கையை விரட்டும் ஓசை. என் மகன் இங்குப் பிறந்தவன். தமிழ் பேசுவான், எழுத்தறியான். பாட்டி கடிதங்களை விட்டுச் சென்றிருந்தால் அவன் பிறர் வாயால் கேட்டிருப்பான். அவரோ குரலையே விட்டுச் சென்றார். அக்கைப்பேசியின் மின்கலம் வீங்கத் தொடங்கியபொழுது, வேறெந்த வேலையையும்விட இதுவே முதல் வேலையாயிற்று.

கூகுள் கணக்கில் ஏறிவிடும், கவலையில்லை என்றனர் நண்பர். அங்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் இடம் 15 ஜிபி. 2021 ஜூன் முதல் நாள் தொட்டுப் புதிய படங்கள் அனைத்தும் அக்கணக்கிலேயே கழிகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் வாட்ஸ்அப் காப்புப்படியும் 2024 முதல் அவ்வாறே. இடம் நிறைந்தால் புதியவை ஏறா. மேலும், கைப்பேசியின் கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை நீக்கினால், மேலே உள்ளதும் உடன் நீங்கும். 60 நாள் குப்பைக்கூடையில் கிடந்து பின் மறையும். இதனைப் படி என்பதினும் நிழல் என்பதே தகும். ஈராண்டு தொடாத கணக்கை அந்நிறுவனம் அழித்துவிடலாம் என்பதும் 2023 டிசம்பர் முதல் நடைமுறை. மறைந்தவர் கணக்கை நினைவுக்காக வைத்திருக்கும் குடும்பத்தார் இதனைக் கருதுதல் நலம்.

அவ்வாறாயின் வீட்டிலேயே ஒரு ஹார்டு டிஸ்க் போதுமே எனலாம். இந்நகரின் மழையும் ஈரமும் அறிந்தவர் அங்ஙனம் சொல்லார். நம் வீட்டுத் திருமண வீடியோ கேசட்டுகளில் பூஞ்சை படர்ந்ததை யார் மறந்தார்? 2020 மே 20ஆம் நாள் ஆம்பன் புயல் அடித்தபின், கல்லூரித் தெருவில் புத்தகங்கள் நீரில் மிதந்தன. அதே நாட்களில் தென் கல்கத்தாவில் பல தெருக்களுக்கு மின்சாரமும் இணைப்பும் இல்லை. வானில் ஏற்றி வைத்தவையும் எட்டாப் பொருளாயின. எனவே மூன்று படிகள், இரு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்று கணினித் துறையினர் வகுத்துள்ள விதி எனக்குப் பொருத்தமாகவே தோன்றிற்று. கார்பன் தாள் வைத்து மூன்று படி தட்டச்சு செய்த பழைய எழுத்தர்களுக்கு இதில் புதுமை ஏது?

படியெடுத்தபின் திறந்து பார்த்தல் வேண்டும். மத்திய அரசு அலுவலகங்களில் பணிப்பதிவேட்டை ஆண்டுக்கொருமுறை ஊழியருக்குக் காட்டிக் கையொப்பம் பெறவேண்டும் என்பது விதி. அவ்விதியை வீட்டிற்கும் கொண்டுவந்தேன். ஊரெங்கும் துர்க்கை பூசை முழக்கம் ஒலிக்க, நம் வீட்டில் சரஸ்வதி பூசை நாளன்று அந்த டிஸ்க்கைத் திறந்து சில பதிவுகளைக் கேட்போம். வெறும் எண்களாயிருந்த பெயர்களை மாற்றி, ‘வடாம்’, ‘காவிரியில் வெள்ளம்’, ‘அப்பாவின் மூக்குக்கண்ணாடி’ என்று மகன் ஆங்கில எழுத்தில் பெயரிட்டிருக்கிறான். ‘அரிவாள்மணை என்றால் என்னப்பா?’ என்று சென்ற ஆண்டு கேட்டான். மீன் நறுக்க வங்காளிகள் வைத்திருப்பதன் உடன்பிறப்பு என்றேன்.

மூன்றாம் படியை ஒரு பென்டிரைவில் இட்டுத் திருச்சியிலுள்ள என் தங்கைக்கு அனுப்பினோம். முழுவதும் கேட்டுவிட்டுத் தொலைபேசியில் அழைத்தாள். ‘அண்ணா, அம்மா என்னை வைத பதிவு ஒன்று இருக்குமே, அதைக் காணோமே’ என்றாள். அது அவள் கைப்பேசியில்தான் இருந்தது. அதற்கும் ஒரு படி எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.