பேய்க்கரும்பு தந்த வரம்

கோயம்புத்தூருக்குப் போகிறவர்கள் மருதமலை முருகனையும் பேரூர்ப் பட்டீசுவரரையும் தரிசித்துத் திரும்புவது வழக்கம். அந்தப் பக்கத்திலேயே, வீரகேரளத்தில், கரும்பையே தெய்வமாகக் கொண்ட க்ஷேத்திரம் ஒன்று இருக்கிறது. 1912-ஆம் ஆண்டில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்கு நிலையந்தான் அது.

அக்காலத்தில் ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரை வந்து நம் துறைமுகங்களில் இறங்கிக்கொண்டிருந்தது. கரும்பு பிறந்த வீடென்று பெயர் பெற்ற தேசத்துக்கு இதைவிடத் தலைகுனிவு வேறென்ன? வடநாட்டு வயல்களுக்கு நல்ல கரும்பு வேண்டும். ஆனால், அங்கே கரும்பு பூத்து விதை கொள்வது அரிது. கோவையிலோ ஐப்பசி கார்த்திகையில் தோகைக்கு மேலே வெண்சாமரம் வீசினாற்போலப் பூக்கிறது. பூவில்லாமல் கலப்பு மணம் ஏது? ஆகவேதான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பார்பர் என்ற ஆங்கிலேயரும், அவருக்குப் பின் நிலையத்தை நடத்திய டி. எஸ். வேங்கடராமனும் மணமகனைத் தேடிய இடம் விசித்திரமானது. வாய்க்காற் கரையில் மண்டிக் கிடக்கும் நாணலினப் புல்லைப் பிடித்தார்கள். பேய்க்கரும்பு என்று இகழப்படுவது. சாறு கிடையாது, தித்திப்பும் கிடையாது. ஆனால் வறட்சிக்கும் குளிருக்கும் நோய்க்கும் எளிதில் மசியாது. இனிப்பு மிக்க ‘வெள்ளை’க் கரும்பை இதனோடு கலந்து பெற்ற குழந்தையே ‘கோ 205’. 1918-ல் அது பஞ்சாபுக்குப் புறப்பட்டது. ‘கோ’ என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும் முதலெழுத்து.

கரும்பின் பரம சத்துரு செவ்வழுகல் நோய். பூஞ்சணத்தால் வருவது. தாக்குண்ட கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவப்பேறி, இடையிடையே வெண்திட்டுகள் தெரியும். புளித்த கள்ளின் வாடை வீசும். இந்நோயைத் தாங்கும் ரகத்தை உண்டாக்கிவிட்டால் கவலை தீர்ந்ததென்று எண்ணலாமா? கூடாது. பூஞ்சணமும் தன் வேஷத்தை மாற்றிக்கொள்கிறது. வடநாட்டில் எங்கும் பரவியிருந்த ‘கோ 213’ 1938-39-ல் இந்நோய்க்கு இரையாயிற்று. 2009-ல் வெளிவந்து உத்தரப் பிரதேசத்து வயல்களில் பெரும்பகுதியை நிரப்பிய ‘கோ 0238’ ரகமும், சில ஆண்டுகளுக்குள் அதே நோயிடம் சிக்கியது. கூடுதல் லாபத்தை நாடி மாகாணம் முழுவதும் ஒரே ரகத்தைப் பயிரிடுவது, வீட்டுக் கதவுகள் அனைத்துக்கும் ஒரே சாவியைச் செய்வது போன்றது.

அதனால் இங்கே வேலை ஓய்வதில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, நோயை வலியப் புகுத்திச் சோதித்து, தாங்கியவற்றை மட்டுமே நிறுத்திக்கொள்கிறார்கள். காட்டினங்களைக் கோவையிலும் கண்ணனூரிலும் பொக்கிஷமாகப் போற்றி வளர்க்கிறார்கள்.

திருவொற்றியூரில் பட்டினத்தாருக்குப் பேய்க்கரும்பு தித்தித்தது என்பார்கள். காலையில் காப்பிக்குச் சர்க்கரை போடும் நமக்கும் அது தித்திக்கத்தான் செய்கிறது. வாய்க்காற் கரையில் அந்தப் புல்லுக்கும் சிறிது இடம் விட்டுவைப்போம்.