துணைன்னா சும்மாவா?

லெப்டினன்ட் கவர்னர்னு சொன்னா நமக்கு டக்குனு ஞாபகம் வர்றது பாண்டிச்சேரிதான். டெல்லியிலிருந்து நியமிச்சு அனுப்புவாங்க, அவருக்கும் முதல்வருக்கும் ஆகாது, தினசரிக்குத் தலைப்புச் செய்தி கிடைக்கும். ஆனா அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல இந்தப் பதவிக்கு ஜனங்களே ஓட்டுப் போட்டுத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கறாங்க. கவர்னருக்கு அடுத்த நாற்காலி. துணை கவர்னர்னு வச்சுக்குவோம்.

கொஞ்ச நாளா இந்தப் பழைய தேர்தல் கதைகளைப் படிச்சுக்கிட்டிருக்கேன் (வீட்டுல திட்டு தனி). மாசசூசெட்ஸ் மாநிலத்துல அந்தக் காலத்துல வருஷா வருஷம் தேர்தல். கவர்னருக்கு ஒரு ஓட்டு, துணை கவர்னருக்குத் தனியா இன்னொரு ஓட்டு. 1915 நவம்பர்ல கால்வின் கூலிட்ஜ்னு ஒருத்தர் துணை கவர்னரா ஜெயிச்சார். அதிகம் பேசாத மனுஷன். மொத்தம் மூணு தடவை அதே பதவிக்கு ஜெயிச்சு, 1918ல கவர்னர், 1920ல நாட்டுக்கே துணை ஜனாதிபதி. 1923 ஆகஸ்டுல ஜனாதிபதி ஹார்டிங் திடீர்னு இறந்துபோக, இவர் ஜனாதிபதி! ரெண்டாவது நாற்காலியில யாரை உக்கார வைக்கறோம்னு ஜனங்க எவ்வளவு யோசிச்சிருப்பாங்கன்னு தெரியல. ஆனா அந்த நாற்காலி அவரை எங்க கொண்டுபோய் விட்டுச்சு பாருங்க.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல துணை கவர்னரோட முக்கியமான வேலை, மாநில செனட் சபைக்குத் தலைமை தாங்கறது. அப்படிப் பார்த்தா நம்ம பக்கத்துல அதுக்கு நெருக்கமான ஆள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னை மாகாண சட்ட மேலவைக்கு நியமன உறுப்பினரா போனவங்களை 1927ல சபை ஒருமனதா துணைத் தலைவராத் தேர்ந்தெடுத்தது. பொம்பளைங்க ஓட்டுப் போடவே 1921லதான் இங்க வழி பிறந்தது. ஆறே வருஷத்துல ஒரு பெண் அந்த நாற்காலியில! ஒரு அலங்காரத்துக்கு உக்கார வச்சோம்னு சில பேர் நினைச்சிருக்கலாம். அம்மா சும்மா உக்காரல. அதே 1927ல கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடற வழக்கத்தை ஒழிக்கணும்னு சபையில தீர்மானம் கொண்டுவந்தாங்க. முழுசா சட்டமாக 1947 வரைக்கும் ஆச்சு. ஆனா பிள்ளையார் சுழி அங்க போட்டது. 1930ல காந்தியைக் கைது பண்ணினப்போ பதவியைத் தூக்கிப் போட்டுட்டு வந்துட்டாங்க. அடையாறு அவ்வை இல்லமும் புற்றுநோய் மருத்துவமனையும் இவங்க ஆரம்பிச்சதுதான்.

ஆக, துணைப் பதவி சின்னதா பெருசாங்கறது உக்கார்ற ஆளைப் பொறுத்தது. இது ஒண்ணு.

இன்னொண்ணு, முதல் நாற்காலி எப்ப காலியாகும்னு யாருக்கும் தெரியாது. 2001ல சென்னை மேயரா ஸ்டாலினை மக்கள் நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாங்க. துணை மேயர் கராத்தே தியாகராஜனைத் தேர்ந்தெடுத்தது கவுன்சிலர்கள். ரெண்டு பேரும் வேற வேற கட்சி. 2002ல, எம்.எல்.ஏ.வும் மேயருமா ஒருத்தரே இருக்கக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. ஸ்டாலின் மேயர் நாற்காலியை விட்டு இறங்க வேண்டியதாப் போச்சு. தியாகராஜன் பொறுப்பு மேயர். அந்தச் சட்டம் சரியா தப்பாங்கற பஞ்சாயத்துக்கு நான் வரல. எனக்குப் படறது ஒண்ணே ஒண்ணுதான்: சென்னை ஜனங்க ஓட்டுப் போட்டது ஒருத்தருக்கு, ரிப்பன் மாளிகையில உக்கார்ந்தது இன்னொருத்தர். அந்த இன்னொருத்தருக்கு மேயர் பதவிக்குன்னு ஊர்ல ஒருத்தரும் நேரடியா ஓட்டுப் போடல.

இப்போ எங்க தாம்பரம். 2016 அக்டோபர்ல உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிஞ்சதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு மேல எங்களுக்குக் கவுன்சிலரே கிடையாது. தெருவிளக்கு எரியலன்னாலும், மழைத்தண்ணி வாசலுக்கு வந்தாலும் அதிகாரிகள்கிட்டதான் போய் நிக்கணும். 2021 நவம்பர்ல தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், பெருங்களத்தூர் மாதிரி அஞ்சு பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினாங்க. 70 வார்டு. 2022 பிப்ரவரி 19 ஓட்டுப்பதிவு.

சேலையூர் பக்கம் பூத்துல எனக்கு முன்னாடி நின்ன பெரியவர் ஓட்டுப் போட்டுட்டு நகரவே இல்ல. "தம்பி, மேயருக்கு எந்த மெஷின்?"னு கேட்டார். "மேயருக்குக் கிடையாது ஐயா, கவுன்சிலருக்கு மட்டும்தான்"னு சொன்னாங்க. "போன தடவை ரெண்டு ஓட்டுப் போட்டேனேப்பா?"

அவர் சொன்னது சரிதான். 2011ல நகராட்சித் தலைவருக்கும் நேரடித் தேர்தல். 2022ல மேயர், துணை மேயர் ரெண்டுமே மறைமுகத் தேர்தல். மார்ச் 4ஆம் தேதி காலையில கவுன்சிலர்கள் கூடி வசந்தகுமாரியை மேயராத் தேர்ந்தெடுத்தாங்க, மதியம் காமராஜைத் துணை மேயரா. முதல் மேயரே 25 வயசுப் பொண்ணு. எங்க ஏரியாவுக்கே அது பெருமை.

நேரடித் தேர்தல் நல்லதா மறைமுகம் நல்லதான்னு டீக்கடையில மணிக்கணக்கா பேசலாம். நேரடின்னா நம்ம ஆளை நாமே தேர்ந்தெடுத்த திருப்தி. மறைமுகம்னா மேயரும் மன்றமும் முட்டிக்காம ஓடும். ஆனா துணை மேயர் விஷயத்துல ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல. எப்பவும் கவுன்சிலர்கள் கையிலதான்.

அப்போ நாம போடற அந்த ஒத்தை ஓட்டு உண்மையில ஒண்ணு இல்ல, மூணு. கவுன்சிலர், அவர் மூலமா மேயர், அப்புறம் நாளைக்கே மேயர் நாற்காலி காலியானா அதுல உக்காரப்போற துணை மேயர். வீடு தேடி வந்து கும்பிடு போடற வேட்பாளர்கிட்ட "ரோடு போடுவீங்களா, சாக்கடை கட்டுவீங்களா"ன்னு கேக்கறோம். கேக்கத்தான் வேணும். அதோட "ஜெயிச்சா மேயருக்கு யாருக்குப் போடுவீங்க, துணைக்கு யாருக்குப் போடுவீங்க"ன்னும் ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம். "கட்சி சொல்றவருக்கு"ன்னுதான் பதில் வரும். வரட்டுமே. பத்துப் பேர் கேட்டா பதினோராவது வீட்டுலயாவது கொஞ்சம் யோசிச்சுப் பதில் சொல்லுவார்.

பி.கு: உங்க ஊர் துணைத் தலைவர் இல்ல துணை மேயர் பேரு என்ன? கூகிள்ல தேடாம பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. பார்ப்போம் எத்தனை பேர் தேறுறோம்னு!