ஜவ்வாது மலை: அருவிக்குப் போகும் வழியில் ஒரு தேதி

போளூரில் ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினால், வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வரும். மேலே சாமை வயல்கள், பலா மரங்கள், பீமன் அருவி. வார இறுதிக்கு அருமையான இடம். ஆனால், இந்த மலையைப் புரிந்துகொள்ள ஒரு தேதியும் தெரிந்திருக்க வேண்டும்: 2015 ஏப்ரல் 7.

அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது அதிரடிப்படை. அவர்களில் பலர் இந்த மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள்.

'தாக்க வந்தார்கள், தற்காப்புக்குச் சுட்டோம்' என்றது போலீஸ். 'எங்களுடன் வந்தவர்களைப் பஸ்ஸிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள்' என்றார்கள் தப்பி வந்தவர்கள். குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்கப் பரிந்துரைத்தது தேசிய மனித உரிமை ஆணையம்.

ஹாலிவுட் படங்களில் கைது செய்யும் போலீஸ், 'நீங்கள் மௌனமாக இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம்' என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். 1966-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மிராண்டா வழக்கில் போட்ட விதி அது. நமக்கு அதற்கும் முன்பே, 1950-லேயே அரசியலமைப்பின் 22-வது பிரிவு இருக்கிறது. கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

மரம் வெட்டினார்களா, இல்லையா என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். அந்த 20 பேரும் அங்கே போய்ச் சேரவே இல்லை.

ஜமுனாமரத்தூரில் சாமையும் தேனும் வாங்கி வாருங்கள். 'செம்மரக் கடத்தல் ஊரா?' என்று மட்டும் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்.