டெக் போச்சு... கேசட் இருக்கு!

'இன்னிக்கு நைட் டெக் எடுக்கிறோம்!' 1980-களில் இந்த ஒரு வரி போதும், தெருவே பாயோடு வந்து இடம்பிடித்துவிடும். சொந்தமாக டெக் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு எல்லாமே வாடகை. சோலிடேரோ டயனோராவோ ஒரு கலர் டி.வி., ஒரு டெக், மூன்று படம். நடுராத்திரி கரன்ட் போனால் கேசட் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வாடகை மட்டும் ஓடும்! மூன்றாவது படத்தின் க்ளைமாக்ஸை முழித்திருந்து பார்த்தவர்கள் யாராவது உண்டா என்ன?

விடிந்ததும் எல்லாம் கடைக்குத் திரும்பிவிடும். வீட்டிலேயே தங்கியது கல்யாண கேசட் மட்டும்தான். அதைப் பார்க்கவும் வாடகை டெக்தான். பிறகு சி.டி. வந்தது, டெக் கடைகள் காணாமல்போயின. கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது.

மதுரையில் ஓர் அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் அப்படியொரு கேசட். 1988-ல் நடந்த கல்யாணம். முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டு ரொப்பியிருப்பார்கள். யார் குரலும் கேட்காது. ஆனால், பந்தியில் தோளில் துண்டோடு அவருடைய அப்பா நடந்து வருவார். போட்டோவில் அப்பா இருக்கிறார். அவர் நடப்பது இதில் மட்டும்தான்.

டிஜிட்டலாக மாற்றித் தரும் கடைக்கு மகன் எடுத்துப்போனான். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை. "சுத்தம் பண்ணி ஓட்டலாம். அறுந்துட்டா நாங்க பொறுப்பில்லை" என்றார் கடைக்காரர்.

இரண்டு நாள் அம்மா பதிலே சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில், "குடுத்துருடா. தாத்தா நடக்கிற அந்த ஒரு நிமிஷம் வந்தாப் போதும்" என்றார்.