ரேகை விழாத விரல்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே. 2022-ல ப்ளஸ் டூ முடிச்சதும் காலேஜுக்கு வழியில்லை. புதூர்நாட்டுல ஒரு வங்கிக்கு முகவரா இருந்த அண்ணன்கிட்ட தொழில் கத்துக்கப் போனேன். ஆபீஸ்னு பெருசா நினைச்சுடாதீங்க... ஒரு மேஜை, ஒரு கைரேகை மெஷின், ஒரு நோட்டு. அவ்ளோதான்.

"ஆதார் நம்பரைத் தட்டு, விரலை வைக்கச் சொல்லு, பணத்தை எண்ணிக் குடு"ன்னார். ஈஸின்னு நினைச்சேன். சாமை குத்தி, புளி தட்டித் தேஞ்ச விரலை மெஷின் ஏத்துக்காதுன்னு யாருக்குத் தெரியும்!

ஒருநாள் நூறு நாள் வேலைக் காசு எடுக்க ஒரு ஆயா வந்தாங்க. மூணு தடவை ரேகை விழலை. நாலாவது தடவை விழுந்துச்சு, சிக்னல் போயிடுச்சு. "காசு வரலை ஆயா, நாளைக்கு வாங்க"ன்னு அனுப்பிட்டேன். ரசீதும் எடுக்கலை.

மறுநாள் பார்த்தா கணக்குல ஆயிரம் ரூபா குறையுது.

"நீ எடுத்துக்கினியா சாமி?"

கோபமே இல்லாம கேட்டாங்க. அதுதான் வலிச்சது.

இப்படிக் கழிஞ்ச பணம் 5 நாளுக்குள்ள திரும்பணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபா நஷ்டஈடுன்னு ரிசர்வ் வங்கி 2019-லயே விதி போட்டிருக்கு. ஆனா ஆயாவுக்கு அன்னிக்கே அரிசி வாங்கணுமே? அண்ணன் தன் பையிலேர்ந்து ஆயிரம் குடுத்துட்டு, நோட்டுல என் பேர்ல எழுதினார்.

நாலாம் நாள் பணம் கணக்குக்குத் திரும்பிடுச்சு. ஆயாவே வந்து, அதை எடுத்து அண்ணன்கிட்ட குடுத்தாங்க. அன்னிக்கும் ரேகை மூணு தடவை விழலைங்கறது தனிக்கதை :)

இப்பல்லாம் காசு வந்தாலும் வராட்டியும் ரசீதைக் கையில குடுத்துட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடறேன். உங்க ஊர்ல குடுக்கறாங்களா?