சுக்கான் பத்திரம் மச்சி!

பாய்மரப் படகு எங்கே உடையும்? "இதென்ன கேள்வி, நடுக்கடல்ல, புயல்லதான்"னு சொல்றவங்க ப்ளீஸ் உட்காருங்க. நான் உடைச்சது கரையில. அதுவும் காத்தே இல்லாத ஒரு சாயங்காலம்!

எனக்கு ஊர் தருமபுரி பக்கம் வத்தல்மலை. மிளகு தெரியும், காபி தெரியும், கடல் தெரியாது. எங்க மாவட்டத்துல படகுன்னா ஒகேனக்கல் பரிசல்தான். ஒரே துடுப்பு, அதுவே இன்ஜின், அதுவே ஸ்டீயரிங். வேலை முடிஞ்சா கவிழ்த்துத் தலைமேல தூக்கிட்டுப் போயிடுவாங்க. நீட்டிக்கிட்டு நிக்கிற பார்ட்டுன்னு அதுல எதுவுமே கிடையாது.

சென்னைல என் க்ளாஸ்மேட் ஒருத்தன் பாய்மரப் பைத்தியம். 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல நம்ம சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் லேசர் ரேடியல் படகுல போட்டி போட்டாங்களே, அதே மாதிரி ஒரு ஆள் மட்டும் ஓட்டுற சின்னப் படகு அவனோடது. செகண்ட் ஹேண்ட். மறுநாள் வெளியூர் ரேஸ். டிரெய்லரைத் தண்ணிக்குள்ள பின்னால இறக்கி, படகை மேல இழுக்கணும். நான் பின்பக்கம், அவன் முன்பக்கம்.

"சுக்கானைத் தூக்கிட்டியாடா?"ன்னு கத்தினான். சுக்கான்னா எதுன்னே எனக்குத் தெரியாது. கேட்டா கேவலம்னு "ம்ம்ம்"னு சொல்லிட்டேன். அந்த "ம்ம்ம்"தான் வில்லன்!

இழுத்தோம். மூக்கு டிரெய்லர்ல ஏற ஏற, வால் கீழே இறங்குச்சு. 'டக்'. அடிப் பிராக்கெட் ஸ்க்ரூவோட பிடுங்கிக்கிட்டு வந்துடுச்சு. பலகை நுனியில விரிசல். ரேஸ் போச்சு. அவன் திட்டியிருந்தாகூடப் பரவாயில்ல... சத்தமே போடாம ஸ்க்ரூவைப் பொறுக்கினான் பாருங்க, அதான் தாங்க முடியல.

ராத்திரி நோட்டுல கணக்குப் போட்டேன். (நாமதான் இன்ஜினீயரிங் ஆச்சே!) சுக்கானைப் படகோட முதுகுல பிடிச்சிருக்கிறது மேல ஒரு கீல், கீழ ஒரு கீல். நடுவுல 20 செ.மீ. இடைவெளி, கீழ்க்கீலுக்கு 60 செ.மீ. கீழே பலகை நுனின்னு வெச்சுக்குங்க. நுனியில 10 கிலோ இடிச்சா, மேல்கீல்ல இருந்து பார்த்தா 80 செ.மீ. நெம்புகோல். கீழ்க்கீலுக்கு வர்ற சுமை 40 கிலோ! எங்க இடி 10 கிலோவோட நின்னிருக்காது. பழைய ஃபைபர்ல நாலு ஸ்க்ரூ என்ன பண்ணும், பாவம்?

அதனால கழட்ட முடிஞ்சா, படகு டிரெய்லரைத் தொடுறதுக்கு முன்னாடியே சுக்கானைக் கழட்டிடுங்க. பலகை மட்டும் மேல மடங்குற டைப்பா இருந்தா, மடக்கினா மட்டும் போதாது. கயிறு போட்டுக் கட்டணும். ஸ்பீட் பிரேக்கர்ல ஒரு குலுக்கு குலுங்கினா தானா கீழே தொங்கிடும். கைப்பிடியையும் நடுவுல வெச்சுக் கட்டிடுங்க. கழட்டினதைப் படகுக்குள்ள சும்மா வீசாதீங்க. பின்விளிம்பு மெலிசு, அது நசுங்கினா தண்ணி பலகையை ஒட்டி ஒழுங்கா வழுக்கிப் போகாது. பழைய போர்வையில சுத்தி, படுக்கப் போடுங்க.

லீவுல ஊருக்குப் போனப்போ தாத்தாகிட்ட சொன்னேன். சுக்கான்னா என்னன்னு ரெண்டு நிமிஷம் விளக்கினேன். அவர் அசரவே இல்ல. "ஏர் பூட்டப் போறவன் கலப்பையைத் தரையில இழுத்துட்டா போவான்? கொழு மேல பார்க்க நுகத்தடியில மாட்டிட்டுப் போவான். காட்டுல மண்ணைக் கிழிக்கறதுக்குத்தான் கொழு. வழியிலே கல்லு மோதறதுக்கு இல்லை"ன்னார். சின்ன வயசுல தினமும் பார்த்த காட்சி சார் அது! கடல் தெரியாததா என் பிரச்னை? "தெரியாது"ன்னு சொல்லத் தெரியல, அதான்.

ரிப்பேர் செலவுல பாதி என் டியூஷன் காசு, நாலு மாசத் தவணை. அந்த "ம்ம்ம்" பொய்னு மூணாவது தவணை குடுக்கும்போதுதான் அவன்கிட்ட ஒத்துக்கிட்டேன். "தெரியும்டா"ன்னான்.

போன வாரம் மறுபடி டிரெய்லர் ஏத்தக் கூப்பிட்டான். படகைத் தொட விடல. சுக்கானைக் கழட்டி, போர்வையில சுத்தி, கார் பின்சீட்டுல என் மடியில வெச்சான். ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் நான் கீழே இறக்கவே இல்ல.